கடைக்கணக்கும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

வணிகர்களும் கணக்கர்களும் இம்முறை எழுதியிருந்த கடிதங்களைப் படித்தபோது எனக்கு வருத்தமே மேலோங்கியது. கணினியில் எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால், பழுது ஓரிடத்தில் இருக்கப் பணம் வேறிடத்தில் செலவாகிறது. ஆகவே எதை வாங்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏன் என்பதையும் முடிந்த அளவு விளக்கியிருக்கிறேன்.

எங்கள் கடையில் 2018இல் வாங்கிய கணினி இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ3 புராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டால், கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து முதல் பில் போடக் கால் மணி நேரம் ஆகிறது. சர்வீஸ் செய்பவர் "கணினிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
– ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு

வேண்டாம். முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கணினியை இயக்கியதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (அதாவது புராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தனித்தனியே சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், சிபியு 15 சதவீதத்தைக்கூடத் தொடாமல் இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி நின்றால் புராசஸர் களைத்துப்போகவில்லை, வேலை வராமல் காத்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். துணியை எடுத்து விரித்துக் காட்டும் விற்பனையாளர்தான் புராசஸர். அவர் விரித்துக் காட்டும் மேசை ரேம். பின்னால் இருக்கும் கிடங்கு ஹார்ட் டிஸ்க். விற்பனையாளர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், ஒவ்வொரு புடவைக்கும் கிடங்குக்குப் போய் வர ஆள் நேரம் எடுத்துக்கொண்டால், வாடிக்கையாளர் காத்திருக்கத்தான் வேண்டும். மேசை சிறியதாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். புதிய துணியை விரிப்பதற்காக முன்பு விரித்ததை மடித்துக் கிடங்கில் வைத்துவிட்டு, கேட்கும்போது மீண்டும் எடுத்து வர வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ், டேலி, பிரவுசர் மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது நடப்பது இதுதான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவானது என்றால், அது உண்மையிலேயே சுழலும் இயந்திரம். மேசைக் கணினிகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு. அதாவது நொடிக்கு 120 சுற்று. கேட்ட தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று ஆகும், அதற்கு 4 மில்லிநொடி. முனை நகர்ந்து உரிய தடத்தில் நிற்க மேலும் 8 அல்லது 9 மில்லிநொடி. ஆக ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்க 12 மில்லிநொடிக்குக் குறையாமல் ஆகிறது என்றால், நொடிக்கு 80 முறைதான் அதனால் தேட முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது. மின்னணுச் சில்லுகளிலிருந்து நேராகப் படிப்பதால், தேடும் நேரம் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

எனவே 256 அல்லது 512 ஜிபி கொண்ட ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், ரேமை 8 ஜிபி ஆக்க இன்னொரு 4 ஜிபி அட்டையும் வாங்குங்கள். உங்கள் கணினியில் இருப்பது அநேகமாக டிடிஆர்4 வகையாக இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்5 அட்டைகளில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அவை அந்தப் பள்ளத்தில் அமரவே அமரா. ஆகவே கடைக்குப் போகும்போது பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. விண்டோஸையும் டேலியையும் அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள், புதிதாக நிறுவ வேண்டிய தேவை இல்லை. எஸ்எஸ்டி பழுதாகும்போது ஹார்ட் டிஸ்க் போல முன்கூட்டியே கரகரவென்று சத்தம் கொடுக்காமல், பல வேளைகளில் ஒரே நாளில் ஓய்ந்துவிடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் என் கணினி வழக்கம்போல ஓடுகிறதே? விண்டோஸ் 11க்கு மாறியே ஆக வேண்டுமா?
– வரி ஆலோசகர், தஞ்சாவூர்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டத்தில் தனியே சேராவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி கடவுச்சொல் எல்லாம் உங்கள் கணினியில் இருப்பதால், இதை உங்கள் ஒருவருடைய விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், உண்மையான தடை வேறு இரண்டு: இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லின் வேலையைச் செய்யும் வசதியும் வேண்டும். பலருடைய கணினிகளில் இந்த வசதி புராசஸருக்குள்ளேயே இருந்தும், பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்னும் இலவசச் செயலி "உங்கள் கணினி பொருந்தாது" என்று சொன்னால் உடனே நம்பிக்கை இழக்காமல், காரணம் டிபிஎம் தானா என்று பாருங்கள். அதுதான் காரணம் என்றால், பயாஸில் பிடிடி என்று குறிக்கப்பட்டிருக்கும் அமைப்பை இயக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தியதோ என்றால் குறுக்குவழிகளில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். தொழில் நடத்தும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

1 டிபி என்று சொல்லி விற்ற ஹார்ட் டிஸ்க், கணினியில் 931 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– புத்தக வியாபாரி, புதுச்சேரி

இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் ஒவ்வொரு படியிலும் 1,024ஆல் வகுக்கிறது. மூன்று முறை வகுத்தால் 931 வரும். பைட்டுகளின் எண்ணிக்கையில் குறைவே இல்லை. இணைய வேகத்திலும் இதுபோன்ற குழப்பம் உண்டு: 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, அதை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்பது தெரியும், அதாவது 12.5.

தினமும் மாலை டேலி கணக்கை டி டிரைவில் பேக்கப் எடுத்து வைக்கிறோம். ஆடிட்டர் அது போதாது என்கிறார். வேறு என்ன செய்வது?
– மருந்து மொத்த விற்பனையாளர், திருச்சி

ஆடிட்டர் சொல்வது முற்றிலும் சரி. சி டிரைவ், டி டிரைவ் என்று திரையில் இரண்டாகத் தெரிந்தாலும், பெரும்பாலான கணினிகளில் அவை ஒரே டிஸ்கின் நடுவே போட்ட கோடுதான். ஒரே பீரோவின் மேல்தட்டில் இருக்கும் பத்திரத்தின் நகலைக் கீழ்த்தட்டில் வைப்பது போன்றது இது. பீரோ எரிந்தால் இரண்டும் போகும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற எளிய விதி கணினி உலகில் நிலைத்துவிட்டது. கணக்கு மொத்தம் மூன்று படிகளாக, அதாவது மூன்று பிரதிகளாக, இருக்க வேண்டும்; அவை இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்றாவது கடைக்கு வெளியே இருக்க வேண்டும். உங்கள் அளவிலான தொழிலுக்கு இதை இப்படிச் செய்யலாம். இரண்டு வெளிப்புற டிஸ்குகளை வாங்கி, ஒன்றில் சிவப்பு ஒட்டுத்தாளும் இன்னொன்றில் பச்சை ஒட்டுத்தாளும் ஒட்டுங்கள். இன்று சிவப்பில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, நாளை பச்சையைக் கொண்டு வாருங்கள். எந்த நாளிலும் ஒன்று வீட்டில் இருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்ததைப் போன்ற வெள்ளம் தரைத்தளக் கடைக்குள் புகுந்தால், மேசைமேல் இருக்கும் கணினியும் மேசை இழுப்பறையில் இருக்கும் பேக்கப் டிஸ்கும் ஒன்றாகத்தான் நனையும்.

பேக்கப் எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவுகளையும் சேர்த்தே பூட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. தஞ்சாவூர் வாசகருக்கு நான் சொன்ன பதிலின் அவசரம் இதனால்தான். கூகுள் டிரைவ் போன்ற சேவைகளை மூன்றாவது படிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் டேலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே அதனோடு இணைத்து வைக்காதீர்கள். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். தேதியைப் பெயராக வைத்த பேக்கப் கோப்பைத் தனியே ஏற்றுங்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரிசி ஆலையின் கணக்கறையில் ஹார்ட் டிஸ்க் ஓய்ந்துபோய் என்னை அழைத்தார்கள். கணக்கர் பதறவில்லை. இழுப்பறையிலிருந்து பென் டிரைவையும், அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வைத்தார். நோட்டில் ஒவ்வொரு நாளும் பேக்கப் எடுத்த நேரமும், அவருடைய கையெழுத்தும் ஒரு நாள்கூட விடாமல் இருந்தன. வேறொரு கணினியில் அதைத் திறந்தோம். முந்தைய நிதியாண்டின் மார்ச் 31ஆம் தேதியோடு கணக்கு நின்றிருந்தது. புதிய ஆண்டுக்கு டேலியில் புதிய கம்பெனி (அதாவது புதிய கணக்குத் தொகுப்பு) தொடங்கியபோது பேக்கப் எடுக்கும் பட்டியலில் பழைய கம்பெனியே இருந்துவிட்டது. பதினொரு மாதங்களாக, மாறாத ஒரே கணக்கை அவர் தினமும் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பில் புத்தகங்களையும் வங்கி அறிக்கையையும் வைத்து மறுபடி ஏற்ற அவருக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே மாதம் ஒரு முறையாவது பேக்கப்பைத் திறந்து பாருங்கள். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். நடப்புக் கணக்கின் மேல் ரீஸ்டோர் செய்துவிடாமல், சோதனை என்று பெயரிட்ட வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் எண்ணும் கையிருப்பு ரொக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறு கணினியில் சோதிப்பதாக இருந்தால், அங்கிருக்கும் டேலி பழைய பதிப்பாக இருக்கக் கூடாது; புதிய பதிப்பில் எடுத்தது பழையதில் திறக்காமல் போகலாம்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2023–24 நிதியாண்டு என்றால் அந்தக் கடைசி நாள் 31.12.2024, ஆகவே 31.12.2030 வரை கணக்கு படிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், மேல்முறையீடு ஏதும் நடந்தால் இன்னும் நீளும். உங்கள் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால், இந்தியாவில் உள்ள சர்வரில் கணக்கு நூல்களின் பேக்கப் தினமும் இருக்க வேண்டும் என்ற விதியும், திருத்தங்களின் தடம் அழியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதியும் உங்களுக்குப் பொருந்தும்.

தினமும் காலையில் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. அப்போது ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. வைரஸ் என்று சொல்லி ஒருவர் விண்டோஸை மாற்றிப் போட்டார், ஆனாலும் சரியாகவில்லை.
– பருப்பு மண்டி கணக்கர், விருதுநகர்

உங்கள் கணினியில் வைரஸ் இல்லை. கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் சிறு நாணயத்தின் அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். புதியதில் 3 வோல்ட் இருக்கும், உங்களுடையது தீர்ந்துவிட்டது. இரவில் கடையை மூடும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் இடங்களில் இந்த பேட்டரி சீக்கிரம் தீரும். மின்சாரம் வந்துகொண்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்குச் சுவரிலிருந்தே சக்தி போய்விடும். அதற்காக மெயினை அணைக்காமல் விடச் சொல்லவில்லை; மண்டியின் பாதுகாப்பு பேட்டரியின் விலையைவிடப் பெரிது.

தளங்கள் திறக்காததற்கும் காரணம் இந்தத் தேதியே. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தனக்கொரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் கணினி பல ஆண்டுகள் முந்திய தேதியில் நின்றுகொண்டு பார்த்தால், இன்னும் பிறக்காத சான்றிதழாக அது தெரிகிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள். மாற்றும்போது பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகலாம் என்பதால், கழற்றுவதற்கு முன் அந்தத் திரைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில் மென்பொருள் கணினியின் தேதியைத்தான் எடுத்துக்கொள்கிறது என்றால், இத்தனை நாள் போட்ட பில்களில் தவறான தேதி விழுந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பேட்டரியைவிட எனக்குக் கவலை தருவது அதுதான்.

600 விஏ யூபிஎஸ் வாங்கியிருக்கிறோம். கரண்ட் போனதும் பீப் சத்தத்தோடு எல்லாம் சேர்ந்து அணைந்துவிடுகிறது. கணினியும் லேசர் பிரிண்டரும் அதில்தான் இருக்கின்றன. இன்னொன்று: கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது.
– பின்னலாடை நிறுவனம், திருப்பூர்

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். 600 விஏ என்பது வாட் கணக்கில் வழக்கமாக 360 மட்டுமே. மானிட்டரோடு சேர்ந்த அலுவலகக் கணினி 100, 120 வாட்டில் ஓடிவிடும். லேசர் பிரிண்டரோ தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்காக ஓர் உருளையைக் கிட்டத்தட்ட 200 டிகிரிக்குச் சூடாக்குகிறது. அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். அதைத் தாங்க முடியாமல் யூபிஎஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் இணைத்தால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரம் பில் போட அல்ல, வேலையைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்க. கணக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பாதியில் மின்சாரம் போனால்தான் கோப்புகள் சிதைகின்றன. பிரிண்டரை எடுத்த பிறகும் அணைந்தால், உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது மாற்ற வேண்டியதாகிவிடும்.

சுரீர் என்பது இதைவிட முக்கியம். கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் வடிகட்டி, மின்சாரத்தில் கலந்துவரும் மின் இரைச்சலை எர்த் கம்பி வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டின் உலோகத்திலேயே நின்றுவிடுகிறது. அளந்தால் மின் வழங்கலின் ஏறக்குறைய பாதி வோல்ட் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் இப்போதைக்கு ஆபத்து தெரியவில்லை. ஆனால் எங்காவது உண்மையான கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எர்த் இருக்காது. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, கம்பி உண்மையில் தரையில் உள்ள எர்த் குழிவரை போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு முள் மாற்றியைப் போட்டிருந்தால் அதை எறிந்துவிடுங்கள்.

எக்செல்லில் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடுகிறது. சம்பளப் பட்டியல் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது.
– பள்ளி அலுவலர், சேலம்

எக்செல் எந்த எண்ணிலும் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் மறைந்து அங்கே பூச்சியம் வரும், எச்சரிக்கையும் வராது. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண் அல்ல, பெயர் போன்றது. எண்ணைத் தட்டும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போனதைப் பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் பழைய இலக்கம் திரும்பாது, பாஸ்புக்கைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பூச்சியத்தில் தொடங்கும் எண்களுக்கும் இதே முறைதான்.

எக்செல் சத்தமில்லாமல் விட்டுவிடுவது இது ஒன்று மட்டுமன்று. எக்ஸ்எல்எஸ் என்ற பழைய கோப்பு வகை 65,536 வரிசைகளோடு நின்றுவிடும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரை தாங்கும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியதால் 15,841 பேரின் முடிவுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன; அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் பல நாள் தாமதமாயிற்று. உங்கள் பள்ளியின் பழைய பட்டியல்கள் இன்னும் எக்ஸ்எல்எஸ் வகையில் இருந்தால், திறந்து புதிய வகையில் சேமித்துவிடுங்கள்.

இருபது ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திருமண அழைப்பிதழ் அச்சிடுகிறோம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை ஒட்டினால் கட்டம் கட்டமாக வருகிறது. நாங்கள் அனுப்பும் தமிழ் அவர்களுக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.
– அச்சக உரிமையாளர், கும்பகோணம்

நீங்கள் பயன்படுத்துவது பாமினி அல்லது அதைப் போன்ற எழுத்துரு என்று நினைக்கிறேன். பாமினியில் 'தமிழ்' என்று அடிக்கும்போது கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகளை. ஜே என்ற குறிக்கு 'த' என்ற படத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் மேல்பூச்சு கழன்று ஆங்கிலக் குறிகள் வெளியே தெரிகின்றன. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இருபது ஆண்டுகளாக அச்சிட்டது தமிழே அல்ல என்று சொல்ல எனக்கே வலிக்கிறது. ஆனால் உண்மை அதுதான். அதனால்தான் பழைய அழைப்பிதழ்களில் ஒரு பெயரைத் தேடினாலும் அகப்படுவதில்லை.

யூனிகோட் என்னும் ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண் உண்டு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. கைபேசியில் வரும் தமிழ் எல்லாம் ஒருங்குறியே. சிக்கல் என்னவென்றால், பேஜ்மேக்கரின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்ததோடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. ஒருங்குறித் தமிழைக் கோத்துக் காட்ட அதனால் முடியாது.

உடனடி வழியாக, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியை நிறுவி, வாடிக்கையாளர் அனுப்பியதைப் பாமினிக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றியபின் ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கொம்பும் துணைக்காலும் கிரந்த எழுத்துகளும்தாம் வழக்கமாகப் பிசகும் இடங்கள். வாடிக்கையாளருக்கு மெய்ப்பு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்பினால், எழுத்துரு உள்ளேயே பதிந்து போவதால் அவருக்குச் சரியாகத் தெரியும். நிரந்தர வழி, இன்டிசைன் அல்லது இலவசமான ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறி, புதிய வேலைகளை மட்டும் ஒருங்குறியில் தொடங்குவது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய கோப்புகளை எல்லாம் மாற்ற வேண்டியதில்லை. தட்டச்சு செய்பவருக்குப் பாமினி விரல்பழக்கம் இருக்கும், அதை விடச் சொன்னால் வேலை பாதியாகும் என்று அஞ்சுவீர்கள். அந்த விசை அமைப்பிலேயே அடித்து ஒருங்குறியாகப் பெறும் மென்பொருள்கள் இருக்கின்றன. விரல் மாற வேண்டாம், உள்ளே சேமிக்கப்படுவது மட்டும் மாறும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தம் தாங்கவில்லை. தெர்மல் பிரிண்டருக்கு மாறிவிடலாமா?
– இரும்புக் கடை, மதுரை

சில்லறை விற்பனைக்கு மாறலாம். மொத்த விற்பனைக்கு யோசியுங்கள். சரக்கு விற்பனை பில் ஜிஎஸ்டி விதிப்படி மூன்று படிகளாக இருக்க வேண்டும்: வாங்குபவருக்கு, கொண்டுசெல்பவருக்கு, உங்களுக்கு. ஊசிகள் நாடாவின்மேல் குத்தி எழுதுவதால் கார்பன் தாளில் மூன்று படிகளையும் ஒரே அடியில் எடுப்பது டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே. தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தாளில் இருக்கிறது. அதே காரணத்தால் வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கிப் போகும். லாரி ஓட்டுநர் கண்ணாடிக்கு அருகே செருகி வைத்த பில் சில வாரங்களில் வெளுத்துவிடும். திருச்சி வாசகருக்குச் சொன்ன 72 மாதக் கணக்குக்கு அந்தத் தாள் உதவாது. சத்தம்தான் தொல்லை என்றால் பிரிண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, மேசையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மர மேசையின் அதிர்வு குறைந்தாலே பாதிச் சத்தம் அடங்கும்.